பதினைந்தாவது பொட்டு

புன்னைக்குப்பத்துக் காட்சியகத்தின் சாவி செல்லியம்மாளின் இடுப்பில் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்குத் திறக்கப்படும் என்று பலகையில் எழுதியிருக்கிறது. அவர் எட்டரைக்கே திறந்துவிடுவார். திறந்ததும் விளக்கைப் போடுவதில்லை. கதவருகே சற்று நேரம் நிற்பார். முன்பு ஐஸ்கட்டிகளைச் சேர்த்து வைத்த கிடங்கு அது. அதனால் சுவர்கள் மிகவும் தடிமனானவை. எழுபது அடி தள்ளி அலை உடைகிறது. ஆனால் உள்ளே அந்த ஓசை, பக்கத்து அறையில் யாரோ உறக்கத்தில் புரண்டு படுப்பதைப் போலத்தான் கேட்கும். கண் பழகப் பழக இருட்டிலிருந்து பொருள்கள் ஒவ்வொன்றாக வெளிவரும். முதலில் வெள்ளைச் சங்கு. பிறகு வலையின் மிதவைகள். அதன்பின் துடுப்பு. எல்லாவற்றுக்கும் கடைசியாக, தரையோடு தரையாகக் கிடக்கும் ஐந்து மரங்கள்.

அந்த ஐந்தும் அவர் கணவர் ஏகநாதனுடைய கட்டுமரம். அவை கட்டப்படாமல், தனித்தனியாகத்தான் கிடக்கின்றன. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களை உலரப் போடுவது அக்குப்பத்து வழக்கம். கடைசியாகக் கரையேறிய அன்று ஏகநாதன் எப்படிப் போட்டாரோ, அதே வரிசையில் செல்லியம்மாள் அவற்றை இங்கே போட வைத்தார்.

செல்லியம்மாளுக்கு இப்போது அறுபத்து நான்கு வயது. அவரைத் தாம்பரத்துப் பக்கத்தில் அறியாதவர்கள் குறைவு. இருபத்தெட்டு ஆண்டுகள் அவர் தாம்பரத்தை ஒட்டிய எங்கள் இரும்புலியூரில் மீன் விற்றவர். விடியற்காலையில் கரையேறும் வலைப் படகுகளில் மீன் எடுத்து, கூடையில் ஐஸ் போட்டு, சாலைக்கு வந்து, சோழிங்கநல்லூர், மேடவாக்கம் வழியாகத் தாம்பரம் வந்து சேருவார். கூடையைப் பேருந்தில் ஏற்ற மறுக்கும் நடத்துநர்களும் இருந்தார்கள். இறங்கும்போது கால் கிலோ வாங்கிக்கொள்ளும் நடத்துநர்களும் இருந்தார்கள். சரியாகப் பத்து மணிக்கு எங்கள் தெருமுனைக் குழாயடியில் கூடையை இறக்குவார். கூவ மாட்டார். கூடை தரையைத் தொடும் ஓசையே போதும், கதவுகள் திறக்கும்.

ஏகநாதன் வலைக்காரர் அல்லர், தூண்டில்காரர். விடியும் வேளையில் கட்டுமரத்தில் போவார், பிற்பகலில் திரும்புவார். கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, ஒருவர் கிழக்கேயும் மற்றவர் மேற்கேயும் போய், மாலையில் மறுபடியும் அதே வாசலில் சந்தித்துக்கொள்வது அவர்கள் வாழ்க்கையின் ஒழுங்காக இருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மஞ்சள் காமாலை வந்து, வீட்டுப் பாயிலேயே, ஏகநாதன் இறந்துபோனார். அதன்பிறகு செல்லியம்மாள் கூடை எடுக்கவில்லை.

காட்சியகம் என்ற எண்ணம் ஷீலாவுடையது. செல்லியம்மாளின் தங்கை மகள். வங்கியில் வேலை பார்ப்பவள். பயன்படாமல் கிடந்த ஐஸ் கிடங்கை ஊர்ப் பஞ்சாயத்திடம் கேட்டு வாங்கி, வெள்ளையடித்து, வீடு வீடாகப் பொருள் கேட்டாள். மாசி மகத்தன்று திறப்பு விழா என்று நாளும் குறித்தாகிவிட்டது. ஒவ்வொரு பொருளின் கீழும் ஓர் அட்டை. அட்டையில் மூன்று வரிகள்: என்ன, யாருடையது, எங்கே பயன்பட்டது. அட்டைகளைப் பிழையின்றி எழுதும் வேலை, பழைய மீன் வாடிக்கையை முன்னிட்டு, செல்லியம்மாள் வழியாக என்னிடம் வந்தது. நாற்பத்திரண்டு அட்டைகளை எழுதி முடித்தேன். நாற்பத்து மூன்றாவது அட்டை இரண்டு வரிகளோடு நின்றுவிட்டது.

என்ன: கட்டுமரம். யாருடையது: ஏகநாதன். எங்கே?

“வங்கக் கடல் என்று எழுதிவிடலாமா?” என்று கேட்டேன்.

“இன்னா சார் நீங்க? உங்க வூடு எங்கன்னு கேட்டா இந்தியான்னு சொல்லுவீங்களா?” என்றார் செல்லியம்மாள். பிறகு அந்த மரங்களைப் பார்த்தபடியே சொன்னார்: “முப்பத்தோரு வருசம் சோறு கட்டிக் குடுத்தேன் சார். அத்த எங்க குந்திகினு துன்னாருன்னு எனக்குத் தெர்ல.”

கடலடியில் ஆங்காங்கே பாறை மேடுகள் உண்டு. மீனவர்கள் அவற்றைப் பார் என்பார்கள். பாரைச் சுற்றித்தான் மீன் கூடும். ஒவ்வொரு தூண்டில்காரருக்கும் தமக்கென்று ஒரு பார் இருந்தது. ஏகநாதனுக்கும் ஒன்று இருந்தது. நாள் தவறாமல் அவர் சங்கரா மீனோடு திரும்பியதே அதற்குச் சான்று. ஆனால் அது எங்கே இருக்கிறது என்பதை அவர் மனைவியிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் உயிரோடு இருந்தபோது அது செல்லியம்மாளுக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை. வெற்று வரியோடு அட்டையைப் பார்த்த பின்னரே, அவருடைய பகல்கள் அத்தனையையும் தாம் அறியவே இல்லை என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஷீலா ஏற்கெனவே ஒரு வழி செய்து பார்த்திருந்தாள். குப்பத்தின் முன்னுள்ள கடலைச் சுவரில் பெரிய வரைபடமாக வரைந்து, மூத்த மீனவர் பதினான்கு பேரை அழைத்து, அவரவர் பார் இருக்கும் இடத்தில் ஆளுக்கொரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டச் சொன்னாள். பதினான்கு பேரும் மிகுந்த பொறுப்போடு, தள்ளி நின்று பார்த்து, கிட்டே வந்து அளந்து ஒட்டினார்கள். ஒருவர் ஒட்டிய பொட்டைப் பிய்த்து அரை விரல் நகர்த்திக்கூட ஒட்டினார். மறுவாரம் ஷீலாவின் அண்ணன் தன் ஃபைபர் படகில் ஆழம் காட்டும் கருவியோடு போய் ஒவ்வோர் இடமாகப் பார்த்தான். பதினான்கு இடத்திலும் வெறும் சேறு.

“ஏன் சித்தப்பா இப்பிடி பண்ணீங்க?” என்று ஷீலா தேசிங்குவிடம் சண்டைக்குப் போனாள்.

“பொட்டு குடுத்த. வைக்கச் சொன்ன. வெச்சோம்,” என்றார் தேசிங்கு. “நெசமா வைங்கன்னு சொன்னியா?”

தேசிங்கு என்பவர் ஏகநாதனோடு ஒரே கட்டுமரத்தில் இருபது ஆண்டுகள் துணைக்குப் போனவர். ஏகநாதனை அண்ணன் என்று அழைத்தவர். அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. செல்லியம்மாள் அவரை நான்கு முறை கேட்டார்: வீட்டு வாசலில் ஒருமுறை, டீக்கடையில் ஒருமுறை, கோயில் கூழ் ஊற்றும் இடத்தில் ஒருமுறை, காட்சியகத்துக்குள்ளேயே ஒருமுறை. நான்கு முறையும் ஒரே விடை: “தெர்ல அண்ணி.” அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் மறுப்பும் இல்லை, வருத்தமும் இல்லை.

மாசி மகத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது கலீல் வந்தார். இரும்புலியூரில் கண்ணாடியும் சட்டமும் போடும் கடை வைத்திருப்பவர். செல்லியம்மாளிடம் தவறாமல் மீன் வாங்கிய வீடு அவருடையது. அட்டைகளுக்குச் சட்டம் போட்டு, சாக்கில் சுற்றி, சிறிய வண்டியில் ஏற்றிக்கொண்டு அவரே வந்துவிட்டார். ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வந்தவர் அந்த ஐந்து மரங்களின் முன் நின்றார்.

“இது மாமாவோட மரமா அக்கா?”

“ஆமா பாய்.”

“எங்க பொண்ணு ஆஃபியா கல்யாணத்துக்கு வந்தாரே, ஞாபகம் கீதா?”

“மறப்பனா? தாம்பரம் பக்கம் அவரு வந்ததே அந்த ஒரு தபாதான். பிரியாணி பிரியாணின்னு ரெண்டு நாளு சொல்லிகினு இருந்தாரு.”

“அவரு துன்னதே கடைசிப் பந்தியிலக்கா. எங்க வூட்டு மொட்ட மாடியிலதான் பந்தி. எல்லாரும் குந்திட்டாங்க. இவரு மட்டும் கைப்பிடிச் செவுத்தப் புடிச்சிகினு பச்சமலையையே பாத்துகினு நின்னாரு. இன்னா மாமா, மலையத் துன்னப்போறியான்னு கேட்டேன்.”

“அதுக்கு இன்னா சொன்னாரு?”

“‘இத்தினி வருசமா அது மூஞ்சியத்தான் பாத்தேன் பாய், இன்னிக்குத்தான் முதுகப் பாக்குறேன்’னாரு.” கலீல் சிரித்தார். “எனக்கு ஒண்ணும் புரில. கல்யாண பேஜாருல அதக் கேக்கவும் நேரமில்ல.”

செல்லியம்மாளின் கையில் கண்ணாடி துடைக்கும் துணி இருந்தது. அது அப்படியே நின்றது.

தாம்பரம் சானடோரியத்தை ஒட்டி நிற்கும் அந்தக் குன்றை நாங்கள் மேற்குப் பக்கமிருந்து பார்க்கிறோம். அதற்குக் கிழக்கே ஏரிகள், வீடுகள், சாலைகள், அவற்றையெல்லாம் தாண்டிக் கடல். கடலில் நிற்பவருக்குத் தெரியும் பக்கம்தான் அதன் முகம் என்றால், எங்கள் தெருவுக்குத் தெரிவது முதுகுதான்.

மறுநாள் செல்லியம்மாள் நேராகக் கரைக்குப் போனார். தேசிங்கு படகு நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“தேசிங்கு, அந்த மலதான?”

“எந்த மல?” அவர் தலை நிமிரவில்லை.

“தாம்பரத்து மல. அத்த வெச்சித்தான அவரு பார் புடிப்பாரு?”

“யாரு சொன்னது?”

“கண்ணாடிக் கட பாய்.”

“பாய் கடலுக்கு வந்தாரா?”

“வெளையாடாத தேசிங்கு. நாலு தபா கேட்டுட்டேன். தெர்ல தெர்லன்னே சொல்லிகினு கீறியே, உனுக்கு மனசுன்னு ஒண்ணு கீதா?”

தேசிங்கு வலை ஊசியைக் கீழே வைத்தார். அப்போதுதான் அவர் செல்லியம்மாளை நிமிர்ந்து பார்த்தார் என்று செல்லியம்மாள் சொல்வார்.

“பார கரையில நின்னு சொல்லக் கூடாது அண்ணி. சொன்னா மீனு அந்த எடத்த வுட்டுப் போயிடும். எங்கப்பன் எனக்கு சொல்லல, தண்ணியில காட்டுனாரு. அண்ணனும் அப்பிடித்தான். நீ கேட்டது அத்தினியும் கரையில. நான் இன்னா பண்றது?”

“அப்போ எங்க கேக்கணும்?”

தேசிங்கு ஊசியை எடுத்து, அதன் முனையால் கடலைக் காட்டினார்.

அக்குப்பத்தில் பெண்கள் கடலுக்குப் போகும் பழக்கம் இல்லை. போகக் கூடாது என்று எவரும் சொன்னதாகவும் செல்லியம்மாளுக்கு நினைவில்லை. அந்த எண்ணமே எவருக்கும் வந்ததில்லை, அவ்வளவுதான்.

“அறுவத்தி நாலு வயசுலயா?” என்றார்.

“மீனு உன் வயசக் கேக்காது. ஆனா போட்டுல வாந்தி எடுக்கக் கூடாது, சொல்ட்டேன்.”

“இருவத்தெட்டு வருசம் கூடையோட பஸ்ஸுல நின்னுகினே போனவ நானு. உன் போட்டு இன்னா, மேடவாக்கம் ரோட்ட வுட மோசமா?”

இனி எழுதுவது அவர் சொல்லக் கேட்டது. அவர் சொன்ன அளவுக்கு மட்டுமே எழுதுகிறேன்.

முதல் நாள் மாலை சிறு மழை பெய்து, காற்றிலிருந்த புழுதி அடங்கியிருந்தது. தேசிங்கு அதற்காகத்தான் காத்திருந்தாராம். விடிவதற்குச் சற்று முன் செல்லியம்மாள் வந்தபோது அவர் கையில் ஒரு தூக்குப் பாத்திரம் இருந்தது. தேசிங்கு அதைப் பார்த்தார், என்னவென்று கேட்கவில்லை.

அலை உடையும் இடத்தைப் படகு தாண்டும்வரை செல்லியம்மாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். திறந்தபோது ஓசை எல்லாம் பின்னால் போய்விட்டிருந்தது. தண்ணீர் சாம்பல் நிறத்தில் வழவழவென்று கிடந்தது. வானமும் அதே நிறம். இரண்டும் எங்கே சேர்கின்றன என்று தெரியவில்லை. படகு போகிறதா, நிற்கிறதா, தண்ணீர்தான் அடியில் நழுவுகிறதா என்பதும் தெரியவில்லை. விரல்களைத் தண்ணீரில் விட்டார். அது காற்றைவிடச் சூடாக இருந்தது. தாம் பிறந்து வளர்ந்த கரையை முதல்முறையாக வெளியிலிருந்து பார்த்தார். தம் வீடு ஒரு தீப்பெட்டியாகியது. பிறகு ஓர் எள்ளாகியது. பிறகு எல்லா வீடுகளும் சேர்ந்து ஒரு கோடாகிவிட்டன. அந்தக் கோட்டின் மேல் உயரமான அடுக்குமாடிகள் மட்டும், யாரோ நட்டு வைத்து மறந்துபோன குச்சிகளைப் போல நின்றன.

கிழக்கே சூரியன் எழுந்தது. அவர்கள் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். வெளிச்சம் அவர்கள் தலைக்கு மேலே பறந்து போய் முதலில் கட்டடங்களின் உச்சியில் பட்டது. சற்றுப் பொறுத்து, அவற்றுக்கும் பின்னால், மிகத் தொலைவில், எதுவுமே இல்லாதிருந்த இடத்தில், நீலமாக ஒன்று மெல்ல உருவாகி நின்றது.

“இன்னா அது, மேகமா?” என்று கேட்டார்.

“நல்லாப் பாரு.”

கவிழ்த்து வைத்த மீன்கூடையைப் போல் இருந்தது அது. இருபத்தெட்டு ஆண்டுகள் அதன் முதுகுப் பக்கத்தில் கூடையை இறக்கிய அவருக்கு, முகத்தைப் பார்த்தவுடன் அடையாளம் தெரியவில்லை.

மலை மட்டும் போதாது. கரையில் இருக்கும் ஒரு பொருளுக்கு நேரே மலையை நிறுத்தினால் கடலின் மேல் ஒரு கோடு கிடைக்கும். வேறொரு திசையில் மற்றும் இரண்டு அடையாளங்களைச் சேர்த்தால் இன்னொரு கோடு கிடைக்கும். இரண்டும் வெட்டும் புள்ளிதான் பார். மலைக்கு நேரே எதை நிறுத்தினார்கள், இரண்டாவது கோடு எதனால் ஆனது என்பவற்றைச் செல்லியம்மாள் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தேசிங்கு எஞ்சினை அணைத்தார். ஈயக் குண்டு கட்டிய நூலை இறக்கி, அதைச் செல்லியம்மாளின் விரல்களுக்கிடையே கொடுத்தார். நூல் இறங்கிக்கொண்டே போனது. பிறகு, ‘டக்’ என்று ஒரு தட்டல். காதில் அன்று; விரல் நுனியில். யாரோ மிகக் கீழேயிருந்து கதவைத் தட்டியதைப் போல.

“சேறா இருந்தா மெத்துன்னு உக்காரும்,” என்றார் தேசிங்கு. “இதான் அண்ணனோட எடம்.”

செல்லியம்மாள் நூலைத் தூக்கித் தூக்கி மறுபடியும் மறுபடியும் இறக்கினார். ஒவ்வொரு முறையும் அது தட்டியது.

“ஏன் தேசிங்கு எங்கிட்ட மறைச்சாரு?”

“மறைக்கல அண்ணி. சொல்ற எடத்துக்கு நீ வரல. அவ்ளோதான்.” அவரே தொடர்ந்தார்: “பத்து மணி ஆச்சின்னா தூண்டிய வெச்சிட்டு மலையப் பாப்பாரு. ‘கூடய எறக்கியிருப்பா’ன்னுவாரு. அதுக்கப்பறம்தான் சோத்துப் பானைய அவுப்பாரு. எனக்கு ஏழு மணிக்கே பசிக்கும். வுடமாட்டாரே! இருவது வருசம் உன்னால நான் பட்டினி.”

செல்லியம்மாள் சிரித்தாராம். சிரித்துக்கொண்டே தூக்கைத் திறந்தாராம். பழைய சோறும் சுட்ட கருவாடும் இருந்தன. அப்போது மணி எட்டுகூட ஆகவில்லை. இருவரும் பத்து மணிவரை காத்திருந்தார்கள். படகு அசைந்தது. மலை வெளிறிக்கொண்டே வந்து, வெயில் ஏற ஏறக் கண்ணாடியில் விட்ட மூச்சைப்போல் மங்கிக் கரைந்தது. அது இருந்த இடத்தைப் பார்த்தபடியே அவர் உண்டார்.

மாசி மகத்துக்கு முந்திய நாள் கடைசி அட்டையோடு நான் குப்பத்துக்குப் போனேன். ஷீலாவும் இருந்தாள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, மூன்றாவது வரியில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன்.

செல்லியம்மாள் மேசை இழுப்பறையைத் திறந்து, ஷீலாவின் பொட்டு அட்டையை எடுத்தார். அதிலிருந்து சிவப்புப் பொட்டு ஒன்றைப் பிய்த்து, விரல் நுனியில் ஏந்திக்கொண்டு, சுவரிலிருந்த கடலின் முன்னால் போய் நின்றார். ஓரடி பின்வாங்கித் தலையைச் சாய்த்துப் பார்த்தார். மீண்டும் கிட்டே வந்து, இரண்டு விரற்கடை அளந்து, மிகுந்த பொறுப்போடு ஒட்டினார்.

“பெரிம்மா!” என்று ஷீலா கத்தினாள். “அங்க இடுப்பளவு தண்ணிகூட இல்ல! பசங்க பந்து வெளையாடுற எடம் அது!”

“அப்பிடியா?” என்றார் செல்லியம்மாள். கதவருகே வலை பொத்திக்கொண்டிருந்த தேசிங்குவை நோக்கி அவர் பார்வை போனது. தேசிங்கு தலை நிமிரவில்லை. ஆனால் அவருடைய தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

செல்லியம்மாள் பொட்டைப் பிய்த்து, அரை விரல் நகர்த்தி ஒட்டினார்.

நான் உட்கார்ந்து மூன்றாவது வரியை எழுதினேன்: “எங்கே: வரைபடத்தில் காண்க.” கலீல் போட்டுத் தந்த சட்டத்தில் அந்த அட்டை இப்போதும் ஐந்து மரங்களுக்கு மேலே தொங்குகிறது. படிப்பவர்கள் திரும்பி வரைபடத்தைப் பார்க்கிறார்கள். பதினைந்து பொட்டுகளையும் எண்ணிவிட்டு, நிறைவோடு வெளியே போகிறார்கள்.